துப்பாக்கியைத் திறக்கச் சொன்ன அருள்மேரி

அருள்மேரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் விழுப்புரம் நீதிமன்ற வராந்தாவில் ஒரு வாய்தாவுக்காகக் காத்திருந்தேன். நீதிபதி விடுப்பு. எப்படியும் வழக்கு தள்ளிப்போகும். தள்ளிப்போகிற தேதியை வாங்குவதற்காகவே மதியம் வரை நிற்க வேண்டும். அப்போதுதான் வழக்கறிஞர்களின் வாட்ஸாப் குழுவில் அவருடைய படம் வந்தது. ஏதோ ஓர் ஆண்டு விழாவில் எடுத்தது. அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை. நான் திண்டிவனத்துக்கு, அவருடைய கணவர் பிரான்சிஸுக்குப் போன் செய்தேன்.

"காலைல பேப்பர் படிச்சுக்கினு இருந்தா குணா. நெஞ்சப் புடிச்சுக்கினா. ஆட்டோ வர்றதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு," என்றார். அவரே மேலும் சொன்னார்: "மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கினுதான் இருந்தா. டாக்டராண்ட போலாம்னா, விழுப்புரம் ஸ்டேஷன் படிக்கட்டு ஜாஸ்தி, அதான்னுவா."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஒரு துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக உயர்நீதிமன்றம் வரை போனவர், தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அரை நாள் ஒதுக்கவில்லை.

அந்தக் கோபம் இரங்கல் கூட்டத்தில் இன்னும் கூடியது. நம் வழக்கறிஞர் சங்கத்து அரங்கில் நடந்த கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். பேசியவர்களில் பாதிப்பேர் அவரைத் 'துப்பாக்கி மேரி' என்றே குறிப்பிட்டார்கள். "மேடத்துக்கு துப்பாக்கின்னா உயிர்" என்றார் ஒருவர். சிரிப்பும் எழுந்தது. எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் அதைத் திருத்த முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அருள்மேரிக்குத் துப்பாக்கி பிடிக்காது. அதைக் கையால் தொடும்போதெல்லாம் சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். அவர் கேட்டது வேறு.

அவரைப் பற்றி அறியாத இளையவர்களுக்காகச் சில வரிகள். திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியில், கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தெருவின் முதல் வக்கீல். சட்டக் கல்லூரியில் நானும் அவரும் ஒரே வகுப்பு. பிறகு விழுப்புரத்தில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்து ஒரே மேசையின் இரு பக்கத்தில் உட்கார்ந்தோம். தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே மின்விசிறியின் மீது குறை சொல்வார். கட்டுரையில் 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் எங்களுக்குள் எப்போதும் 'நீ'தான்.

அந்த வழக்கு அனந்தபுரத்துக்கு அப்பால், பாறைக் குன்றுகளை ஒட்டிய ஒரு சிற்றூரில் நடந்தது. அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால் பாதி காட்டுப்பன்றிக்கு. ஒரு நிலக்காரர் உரிமம் பெற்ற பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டு நிரப்புகிற வகை. காவலுக்குப் போகும்போது அதைத் தூக்கிப்போகிறவர் அவரிடம் வேலை செய்த காத்தவராயன். ஒரு சாயங்காலம் நிலக்காரரின் தம்பி முன்னால் நடக்க, காத்தவராயன் பின்னால் போயிருக்கிறார். மோட்டார் கொட்டகை அருகே துப்பாக்கி தோளிலிருந்து நழுவிக் கல்விளிம்பில் மோதியது. வெடித்தது. குண்டு தம்பியின் முதுகில் பாய்ந்தது. காத்தவராயனே அவரைத் தோளில் போட்டுச் சாலைக்கு ஓடினார். ஆள் பிழைக்கவில்லை.

முந்தின நாள்தான் அந்தத் தம்பி காத்தவராயனை டீக்கடையில் பலர் முன்னிலையில் அறைந்திருந்தார். போலீசுக்கு அது போதும். கொலை வழக்கானது. போதாததற்கு, குறி வைத்துச் சுட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடைத்தார்.

சான்றுப் பொருளாக அந்தத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரையோடு மன்றத்துக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காத்தவராயனுக்காக அருள்மேரி ஆஜரானார். "கீழ பட்டு வெடிச்சுதுன்னு என் கட்சிக்காரர் சொல்றார்," என்று அவர் தொடங்கியதும் அரசு வக்கீல், "துப்பாக்கி தானா வெடிக்குமா மேடம்?" என்றார். மன்றமே சிரித்தது. அருள்மேரி சிரிக்கவில்லை. "ஏன் வெடிக்காது, சொல்லுங்க," என்றார். அரசு வக்கீலுக்குத் தெரியவில்லை. அருள்மேரி இன்ஸ்பெக்டரைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்ததும் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

"அந்த இரும்பை வெச்சு ஒரு ஆளத் தூக்குல போடலாமான்னு பேசிக்கினு இருக்கோம் குணா. அதுக்குள்ள என்னா இருக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல," என்றார். அன்று பிடித்தது அந்தப் பேய்.

அதன்பிறகு அவர் கேட்காத ஆள் இல்லை. திண்டிவனத்தில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த காவலாளி ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "அண்ணே, விசைய இழுத்தா உள்ள என்னா நடக்குது?" என்று கேட்டார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வெடிக்கும்மா," என்றார். "அது தெரியும்ணே. நடுவுல?" "நடுவுல என்னாம்மா? இழுத்தா வெடிக்கும். இழுக்கலன்னா வெடிக்காது. பேங்க்ல வேலை இருந்தா பாரு, இல்லன்னா ஜல்தி கெளம்பு, மேனேஜர் பாக்கறாரு." இரண்டு பெரியவர்கள் பட்டப்பகலில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தோம். எங்களைப் போலீசில் பிடித்துக் கொடுக்காததே பெரிது.

கடைசியில் அவருக்கு உதவியது தீபாவளிக் கடை. குழந்தைகள் பொட்டு வெடிக்கிற தகரத் துப்பாக்கி ஒன்றை வாங்கிவந்து எங்கள் மேசை மேல் வைத்து ஸ்குரூ டிரைவரால் பிளந்தார். ஸ்பிரிங் ஒன்று பறந்துபோய் என் டீயில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மேலே இருந்து அடிக்கிற சுத்தியல் போன்ற பாகத்துக்குக் குதிரை என்று பெயர். ஸ்பிரிங் அதை எந்நேரமும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குதிரையின் அடியில் வெட்டிய ஒரு சின்னப் பல், அதைப் போகவிடாமல் மாட்டி நிறுத்துகிறது. விசை அந்தப் பல்லை விடுவிக்கிறது.

"பாத்தியா?" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். "விசைய இழுத்தா அது எதையும் தள்ளல. புடிச்சுக்கினு இருக்கிறத விட்டுடுது. அவ்ளோதான். அப்ப அந்தப் பல்லு தேஞ்சிருந்தா? யாரும் இழுக்காமலே விட்டுடும் இல்ல?"

காத்தவராயன் தூக்கிப்போன துப்பாக்கி அவருடைய தாத்தா வயதுடையது. பல் தேய்ந்திருக்கத்தான் வேண்டும் என்று அருள்மேரி முடிவு கட்டினார். தடய அறிவியல் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 'சுடும் நிலையில் உள்ளது' என்று மட்டும் இருந்தது. கழற்றிப் பார்த்ததாக ஒரு சொல் இல்லை. துப்பாக்கியைத் திறந்து உள்பாகங்களைச் சோதிக்க வேண்டும் என்று மனு போட்டார். தள்ளுபடி. உயர்நீதிமன்றம் போனார். அங்கே அது பட்டியலில் வருவதும் போவதுமாக இருந்தது. இங்கே நீதிபதி மாற்றலாகிப் போனார். புதியவர் வழக்கைப் படிக்க நேரம் கேட்டார். கடைசியில் திறக்க அனுமதி கிடைத்தும், தடய அறிவியல் நிபுணர் வரவேண்டிய நாளில் வரவில்லை. வந்த நாளில் சான்றுப் பொருள் அறையின் சாவி வைத்திருந்தவர் விடுப்பு. இதற்கிடையே ஜாமீன் கிடைத்தும், பிணைகொடுக்க ஆள் இல்லாமல் காத்தவராயன் உள்ளேயே கிடந்தார். நிலம் இல்லாதவருக்கு நிலம் உள்ளவர் யார் பிணைகொடுப்பார்?

நான் அவரிடம் சொன்னேன்: "மேரி, தொறக்காத வரைக்கும் அது சந்தேகம். சந்தேகம் நம்ம பக்கம். தொறந்துட்டா அது உண்மை ஆயிடும். அது யார் பக்கம்னு ஒனக்குத் தெரியாது."

"தெரியாததாலதான தொறக்கணும்?" என்றார்.

திறந்தார்கள். நீதிபதி முன்னிலையில், ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நிபுணர் ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். அருள்மேரி தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வழக்கு, கட்சிக்காரர், எதிர்த்தரப்பு எல்லாம் ஒரு நிமிடம் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஸ்பிரிங் இருந்தது. குதிரை இருந்தது. பல்லும் இருந்தது. கூர் மழுங்காமல், நேற்று அரத்தால் தேய்த்து வைத்த மாதிரி. இந்தப் பல் தானாக நழுவாது என்று நிபுணர் சொன்னார். அரசு வக்கீல் எங்களுக்கு நன்றி சொன்னார்.

வெளியே புங்கமரத்தடியில் காத்தவராயனின் மனைவி செல்லம்மாள் காத்திருந்தார். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். "எங்க ஊட்டுக்காரர உள்ள தள்றதுக்கா நீ வக்கீல் ஆன? உன்ன யாரு அத்தத் தொறக்கச் சொன்னது?" என்று கூவினார். கூட்டம் கூடியது. அன்று மாலை நானும் அவரும் பெரிதாகச் சண்டை போட்டோம். அவர் செய்தது ஒரு வக்கீலின் வேலை அல்ல என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். கட்சிக்காரரின் உயிரைப் பணயம் வைத்துத் தன் கேள்விக்கு விடை தேடக் கூடாது. "சரி, நீ சொல்றது சரி," என்று பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். அவர் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒப்புக்கொண்ட பிறகும் விடமாட்டார் என்று தெரியும்.

விடவில்லை. அடுத்த வாரம் சிறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கம்பிக்கு அப்பால் காத்தவராயன் நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"காத்தவராயா, துப்பாக்கி தோள்ல இருந்தப்ப குதிரை எப்படி இருந்துச்சு? பின்னால இழுத்து நிறுத்தி இருந்துச்சா, முன்னால படுத்துக்கினு இருந்துச்சா?"

"படுத்துக்கினுதாங்க இருந்துச்சு. நிறுத்தி வெச்சா பயம் இல்லீங்களா?"

"கேப்பு போட்டிருந்தியா?"

"போட்டுதாங்க எடுத்துக்கினு போவோம். பன்னி வந்தா எங்க தேடறது? கேப்பு மேல குதிரையப் படுக்க வெச்சுட்டா உழாது."

கேப்பு என்பது மருந்தைப் பற்றவைக்கிற சின்னத் தொப்பி. குதிரை அதன் மேல் ஓங்கி அடித்தால் பொறி பறந்து உள்ளே மருந்து வெடிக்கும். அருள்மேரி கம்பியைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பல்லுக்கு இதுல வேலையே இல்ல குணா. குதிரை ஏற்கெனவே கேப்பு மேல குந்திக்கினு இருக்கு. முதுவுல கல்லு அடிச்சா போதும். பல்லு புதுசா இருந்தா என்னா, பழசா இருந்தா என்னா? நாம தப்பான எடத்தப் பாத்துக்கினு இருந்தோம்." பிறகு காத்தவராயனைக் கேட்டார்: "இத்தினி நாளா இத ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே."

நிபுணரை மறுபடி கூண்டில் ஏற்ற இன்னொரு மனு. இன்னும் வாய்தாக்கள். இந்த முறை காணொலி வழியாக வந்தார். மூன்று கேள்விகள்தான். படுத்திருக்கும் குதிரையின் முதுகில் பலமான அடி விழுந்தால் கேப்பு வெடிக்க வாய்ப்பு உண்டா? உண்டு. அப்போது விசையை யாரும் தொட வேண்டுமா? வேண்டியதில்லை. இதை நீங்கள் ஏன் உங்கள் அறிக்கையில் எழுதவில்லை? "சுடுமா என்று கேட்டிருந்தார்கள். எப்படியெல்லாம் சுடும் என்று என்னை யாரும் கேட்கவில்லை," என்றார் அவர். அரசு வக்கீல் இந்த முறை நன்றி சொல்லவில்லை.

காத்தவராயன் விடுதலையானார். நீங்கள் எல்லோரும் அருள்மேரிக்குக் கைகொடுத்தீர்கள். ஆனால் தீர்ப்பைப் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? பார்த்ததாகச் சொன்ன அந்த ஒரே சாட்சி, வெடிச் சத்தம் கேட்ட பிறகே வீட்டைவிட்டு வந்ததாக முதலில் போலீசிடம் சொல்லியிருந்தார். அந்த முரண்பாடு போதும் என்று நீதிபதி விடுவித்துவிட்டார். துப்பாக்கியைப் பற்றி ஒரே வாக்கியம்: 'அதன் உள் இயக்கம் குறித்த விவாதத்துக்குள் செல்ல வேண்டிய தேவை எழவில்லை.'

அன்று எங்கள் அறையில் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். நான் இனிப்பு வாங்கி வந்திருந்தேன்.

"ஆளு வெளிய வந்துட்டாரு இல்ல? வுடு மேரி."

"இவரு வந்துட்டாரு. அடுத்த ஆளுக்கு? நாளைக்கு இன்னொருத்தன் கொட்டகையாண்ட கீழ போடுவான். அப்பவும் ஒரு வக்கீல் எழுந்து, துப்பாக்கி தானா வெடிக்குமான்னு கேப்பான். கோர்ட்டும் சிரிக்கும். இத்தினி வருஷம் பேஜாரு பட்டு, கண்ணால பாத்து, காதால கேட்டு, ஒரு வரி எழுதக் கூடாதா?"

இனிப்பை அவர் தொடவில்லை. ஒரு வெற்றிக்குப் பிறகு அப்படி எரிந்து விழுந்த வக்கீலை நான் பார்த்ததில்லை.

தீர்ப்பில் எழுதவில்லை என்றால் நானே சொல்கிறேன் என்று அனந்தபுரம் சந்தைக்குப் போனார். அதற்கும் என்னை இழுத்துப்போனார். கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று விசாரித்தார். தெரிந்தாலும் யார் சொல்வார்கள்? "எந்த ஸ்டேஷன்லருந்து வர்றீங்க மேடம்?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் கலைந்தது. வெயிலில் நின்று மூச்சு வாங்க, "கேப்பப் போட்டுக்கினு நடக்காதீங்க, அவ்ளோதான் சொல்ல வந்தேன்," என்று வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு பெரியவர் கேப்பை என்று காதில் வாங்கிக்கொண்டு, படி என்ன விலை என்று கேட்டார். திரும்பும் பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்த மூச்சிரைப்பை நானும் வெயில் என்றுதான் நினைத்தேன்.

அவர் அடக்கத்தன்று திண்டிவனத்தில் ஆலயத்துக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் காத்தவராயனும் செல்லம்மாளும் நின்றிருந்தார்கள். செல்லம்மாள் ஒரு மாலை வைத்திருந்தார். கூட்டத்தில் நசுங்காமல் இருக்க அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். "பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க சார், போவட்டும்," என்றார். காத்தவராயன் இப்போது செங்கல் சூளையில் வேலை செய்கிறார். துப்பாக்கிப் பக்கம் போவதில்லை.

"ஊர்ல காவலுக்கு யார் போறாங்க?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"என் பங்காளிப் பசங்க போறாங்க சார். ஆனா இப்ப யாரும் கேப்பு போட்டுக்கினு நடக்கறதில்ல. பக்கத்து ஊர்லயும் அப்படித்தான். காட்டாண்ட போயி, குந்தினப்புறம்தான் போடுவாங்க. எறங்கும்போது கழட்டிடுவாங்க."

"யார் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். மேடம் ஜெயிலுக்கு வந்தப்ப கேட்டாங்க இல்ல, அதுலதான் எனக்கே புரிஞ்சுச்சு." செல்லம்மாளைப் பார்த்துவிட்டு, "இத அவங்களாண்ட ஒரு தபா சொல்லணும்னு இருந்தேன் சார்," என்றார்.

காத்தவராயன் சொல்லியிருக்கலாம். நானாவது ஒரு முறை அந்த ஊர்ப் பக்கம் போய் விசாரித்திருக்கலாம். அருள்மேரிக்கு அது தெரியாமலே போயிற்று. சந்தையிலிருந்து திரும்பிய அந்தப் பேருந்தில் தன் வேலை வீணாயிற்று என்று நினைத்தபடிதான் உட்கார்ந்திருந்தார். நன்மை நடந்தது, நடத்தியவருக்குத் தகவல் வரவில்லை. இதை எந்த மன்றத்தில் முறையிடுவது?

போன வாரம் காணை ஊர்ப் பக்கத்துக் கரும்பாலை ஒன்றின் வழக்கு என் மேசைக்கு வந்தது. இயந்திரத்தில் ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது. அவளுடைய அஜாக்கிரதை என்கிறது ஆலைத் தரப்பு. சுவிட்சை அணைத்த பிறகும் உருளை சுற்றியது என்கிறாள் அவள். அணைத்தால் எப்படிச் சுற்றும் என்று எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். பல வருடமாக, வந்ததை வாதாடி, கொடுத்த வாய்தாவை வாங்கிக்கொண்டு போகிறவன் நான். நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார். வெளியே வந்தபோது காது சுட்டது. கிளம்பிப் போன எதிர்த்தரப்பு வக்கீலைக் கூப்பிட்டு நிறுத்தி, அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

இப்படி எரிச்சல் படுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த எரிச்சல் அருள்மேரியுடையது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இது ஒன்றுதான். இதை நான் ஆற விடப்போவதில்லை.